கரைக்கடல் எதுவரை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். பாதி மறந்தும் போயிற்று. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா கருவாடு விற்கத் திருவரங்குளம் போய் அங்கேயே தங்கிவிட்டவர். அதனால் நான் கடல் பார்க்காமல் கண்மாய் பார்த்து வளர்ந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஜெகதாப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்ட பிறகுதான் 'கரைக்கடல்' என்ற சொல்லைக் கேட்டேன். அது எதுவரை என்று ஓரகத்தியிடம், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவியிடம் கேட்டேன்.

"காலு தரையில பாவணும், தண்ணி நெஞ்சைத் தாண்டக் கூடாது. அம்புட்டுத்தான் கரைக்கடல். பொம்பளைக அதுவரை போலாம். அதுக்கு அங்கிட்டு ஆம்பளைக கடல்."

"யாரு நெஞ்சுக்கா?"

"அவுகவுக நெஞ்சுதான். ஒனக்குக் கொஞ்சூண்டு கடல்தான்டி!"

அவர் நல்ல உயரம். நான் குட்டை.

எங்கள் பக்கத்துக் கடல் வெகுதூரம் ஆழமில்லாத சேறு. வள்ளம் தள்ளியே நின்றுவிடும். பெண்கள் நடந்துபோய் மீன்கூடையை வாங்கி வரவேண்டும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே வள்ளம். மூத்தார் பாயைச் சுருட்டுவார். கூடையை எடுத்துக் கொடுப்பது என் வீட்டுக்காரர், வாங்குவது ஓரகத்தி. இருவரும் ஏதோ பேசிச் சிரிப்பார்கள். பின்னால் நிற்கும் எனக்கு ஒன்றும் கேட்காது. வயிறு எரியும். வீட்டில் என்னிடம் இரண்டு வார்த்தை பேசாத மனிதர்!

ஒருநாள் ஓரகத்திக்கு முந்தி நான் இறங்கிவிட்டேன். வீட்டுக்காரர் கையால் அந்தக் கூடையை நான்தான் வாங்கவேண்டும். தண்ணீர் நெஞ்சைத் தாண்டியும் நடந்தேன். வாய்க்குள் உப்பு ஏறியது.

"நில்லுடி! அது ஒன் கரைக்கடல் இல்ல!" என்று வீட்டுக்காரர் கத்தினார். ஓரகத்தி பின்னாலிருந்து கொண்டையைப் பிடித்துத் தூக்கினார்.

"கூடையச் சுமக்க வந்தா, ஒன்னையில்லடி சுமக்கணும்போல!"

மறுநாள் வீட்டுக்காரர் பயந்துபோய், முழங்கால் தண்ணீர் வரை வள்ளத்தை ஏற்றிக்கொண்டு வந்தார். கூடையை என் தலையில் வைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நடந்தேன். திரும்பிப் பார்த்தால் வள்ளம் சேற்றில் புதைந்து நிற்கிறது. தண்ணீர் வற்றும் நேரம். மூத்தார் வைதுகொண்டே கம்பு ஊன்றினார்.

"மதனி, ஒரு கை குடுங்க" என்று என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

ஓரகத்தி என் வீட்டுக்காரரின் தோளோடு தோள் ஒட்டித் தள்ளினார். வள்ளம் நகர்ந்ததும் இருவரும் சேற்றில் விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தார்கள். கூடையைப் போட்டுவிட்டு நானும் ஓடியிருப்பேன். ஆனால் மீனைக் கொத்திப்போகத் தலைக்கு மேலே காக்கை சுற்றியது.

கரைக்கடல் நெஞ்சளவா, கழுத்தளவா என்று இப்போது எனக்கே சந்தேகம். அந்தப் பக்கத்துப் பெண்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். ஓரகத்தியிடம் மட்டும் கேட்கவேண்டாம்.