நெட்டையனுக்கும் சேர்த்து ஓர் உள்ளேன்

நோய் பரவிக் கல்லூரிக்குப் பூட்டுப் போட்டதும் வகுப்புகள் கைபேசிக்குள் வந்து சேர்ந்தன. ஆனால் ப்ராக்ஸி தன் தொழிலைக் கைவிடவில்லை. வராதவர்களுக்கெல்லாம் குரல் மாற்றி 'உள்ளேன்' சொல்லிச் சொல்லியே அவன் சம்பாதித்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே பாதி மறந்துவிட்டது.

இப்போது அவனுக்கு ஒரே வாடிக்கையாளன், அடுத்த தெரு நெட்டையன். "எனக்கும் சேர்த்துப் போட்டுடுடா" என்று ஒருமுறை சொன்னதோடு சரி, அப்புறம் அவன் போனையே எடுப்பதில்லை. கொடுத்து வைத்த சோம்பேறி, இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறான் என்று பொறாமைப்பட்டபடியே ப்ராக்ஸி அக்காவின் பழைய கைபேசியில் நெட்டையன் பெயரில் நுழைவான். கேமராவை அணைத்துவிட்டு இரண்டு ஆளாக உட்கார்ந்திருப்பான்.

கல்லூரி சும்மா இருக்குமா? மாணவர்களின் மனநலத்தைக் காத்தே தீருவதென்று கிளம்பிவிட்டது. வகுப்பில் யாராவது கண்கலங்கினால் "வெளியே போய் அழு" என்கிற துறைத்தலைவியின் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. வாராவாரம் எல்லோருடைய மைக்கையும் அணைத்துவிட்டு, "மனம் விட்டுப் பேசுங்கள்" என்று ஒரு மணி நேரம் அவரே பேசுவார். கடைசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நலம் விசாரிப்பார்.

"நல்லா இருக்கேன் மேடம்" என்பான் ப்ராக்ஸி. பிறகு அடுத்த கைபேசியில், தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ரொம்ப நல்லா இருக்கேன் மேடம்."

அந்த 'ரொம்ப'தான் வினையாகிவிட்டது. ஒரு கூட்டமும் தவறவிடாதவன், ஒரு நாளும் முகம் சுளிக்காதவன், மன உறுதிக்கு நெட்டையனே முன்மாதிரி என்று அறிவித்துவிட்டார்கள். முகத்தையே காட்டாதவன் எங்கிருந்து சுளிப்பான்?

"கேமராவைப் போட்டு ரெண்டு வார்த்தை பேசுப்பா" என்றார் துறைத்தலைவி.

"ஒரு நிமிஷம் மேடம், நெட்வொர்க் சரியில்ல" என்று சமாளித்துவிட்டு ப்ராக்ஸி நெட்டையனுக்குப் போன் போட்டான். எடுத்தது அவன் அம்மா.

"சுவத்தைப் பாத்தே படுத்திருக்கான்பா. சரியா சாப்பிட்டே எத்தனை நாளாச்சு. பயந்துபோய் காலேஜுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். வாராவாரம் பேசுறோம், ரொம்ப நல்லா இருக்கான்னு சொல்லிட்டாங்க."

ப்ராக்ஸி போனை வைத்தான். இரண்டு கைபேசியிலும் கேமராவைப் போட்டான். இரண்டு கட்டத்திலும் அவன் முகமே தெரிந்தது.

"இது நான்தான் மேடம், அவன் இல்ல. அவனுக்கு உடனே யாராவது உதவி பண்ணணும்."

துறைத்தலைவி கேட்டார்: "அப்போ இத்தனை நாள் அட்டெண்டன்ஸ்?"

அவரை அப்படியே பேச விட்டுவிட்டு, முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடினான். நெட்டையன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். ப்ராக்ஸி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான்.

"எப்படிடா இருக்கே?"

இந்தக் கேள்விக்கு இவ்வளவு நாளும் அவனே பதில் சொல்லியிருக்கிறான். முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"நல்லா இல்லடா" என்றான் நெட்டையன்.