இந்திஸார் மிஸ் போட்ட சட்டம்

இந்திஸார் மிஸ்ஸிடம் சிபாரிசு என்று யாராவது வாயெடுத்தால் போதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிடுவாள். எதிரில் இருப்பவரின் முகம் தெரியாமல் போனால்தான் முழுசாகக் கோபப்பட முடியும் என்பது அவள் கட்சி. அவளுக்கு அந்தக் கோபம் சும்மா வரவில்லை. இளம் வயதில் அரசுப் பள்ளி வேலைக்கான தேர்வில் முதலாவதாக வந்தும், வேலை யாரோ ஒரு பெரிய மனிதரின் மைத்துனிக்குப் போயிற்று. அந்த மைத்துனிக்கு ஆங்கிலத்தில் தன் பெயரையே சரியாக எழுத வராது. ஜோர்டானின் தலைநகரான அம்மானில் இது பெரிய செய்தி ஒன்றும் இல்லை. மற்றவர்கள் அழுதுவிட்டு, தங்களுக்கும் ஒரு பெரிய மனிதரைத் தேடிக்கொள்வார்கள். இந்திஸார் தேடவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அண்ணன் ஃபவ்ஸியின் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, அப்தூன் பக்கத்தில் ஒரு சர்வதேசப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்து, ஐம்பதை நெருங்கும்போது அங்கே தேர்வுப் பொறுப்பாளர் ஆனாள்.

அந்த மாதிரிப் பள்ளிகளில் மார்க்கில் பாதி வெளிநாட்டு வாரியம் நடத்தும் பரீட்சையில் வரும். மீதிப் பாதி, பிள்ளைகள் வீட்டில் எழுதிக்கொண்டு வரும் கட்டுரைகளுக்கு. அதைத் திருத்துவது சொந்த ஆசிரியர்கள்தான். சிபாரிசு குடியிருந்தது அந்தப் பாதியில். பிள்ளை எழுதும், ஆசிரியர் மார்க் போடுவார், நடுவில் ஒரு சித்தப்பா போன் பண்ணுவார். இந்திஸார் பொறுப்புக்கு வந்ததும் எல்லாக் கட்டுரைகளையும் தானே இரண்டாவது முறை படிக்க ஆரம்பித்தாள். போன்கள் அவள் பக்கம் திரும்பின. அவள் எடுக்கவில்லை. எடுக்காவிட்டால் நேரில் வருவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வந்தார்கள். அபு ஸுஹைல் பெரிய கட்டிட முதலாளி. மூத்த மகன் ஸுஹைலின் வரலாற்றுக் கட்டுரைக்கு இந்திஸார் பாஸ் மார்க்கு கூடப் போடவில்லை. அதற்காக மனிதர் ஒரு ஜாஹாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெண் கேட்கவும் கொலைப் பகை தீர்க்கவும் பெரியவர்கள் கூட்டமாகப் போவார்களே, அந்த ஜாஹா. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் உட்பட ஆறு பேர், பெரிய மனிதர்கள் விசேஷத்துக்குப் போடும் நீள அங்கியைத் தோளில் போர்த்திக்கொண்டு, ஒரு பையனின் மார்க்குக்காக!

ஃபவ்ஸிக்கு விஷயம் தெரியாது. ஐம்பது வயதுத் தங்கைக்கு வரன்தான் வந்துவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்துவிட்டான், பாவம். முகமெல்லாம் பல்லாக, கசப்புக் காபியைக் கிண்ணங்களில் ஊற்றி நீட்டினான். அபு ஸுஹைல் வாங்கினார், குடிக்காமல் எதிரில் வைத்தார். மற்றவர்களும் அப்படியே வைத்தார்கள்.

"அபு நாயிஃப், உங்க காபி எங்க தலைக்கு மேல. ஆனா வந்த காரியம் முடியாம தொண்டையில இறங்காது" என்றார் அபு ஸுஹைல், ஃபவ்ஸியை மகன் பெயரால் மரியாதையாக அழைத்து.

"குடிங்க, குடிங்க! கேட்டது கிடைச்சாச்சுன்னு வச்சுக்குங்க" என்றான் ஃபவ்ஸி. வாசல் ஏறி வந்த ஜாஹாவுக்கு வேறென்ன சொல்ல முடியும்?

அப்போதுதான் நீதிபதி தொண்டையைச் செருமிக்கொண்டு மார்க் விஷயத்தை எடுத்தார். கதவோரம் நின்ற இந்திஸார் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வாக்கு குடுத்தது எங்கண்ணன். அவர்கிட்ட மார்க் இருந்தா வாங்கிட்டுப் போங்க. என்கிட்ட இருக்கிறது பையன் எழுதினதுக்கு உண்டான மார்க்குதான். காபி ஆறுது, வேணும்னா குடிங்க."

ஆறு கிண்ணமும் ஆறியது. ஆறு பேரும் எழுந்து போனார்கள். அபு ஸுஹைல் வாசலில் செருப்பை மாட்டும்போது, "ஞாபகம் வச்சுக்கிறேன் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"ஜாஹா காபி குடிக்காமப் போன வீடுன்னு ஊரே பேசுது. என் மீசையை எங்க கொண்டுபோய் வைக்கட்டும்?" என்று கத்தின ஃபவ்ஸி, அதற்குப் பிறகு அந்த வருஷத்து ஆலிவ் எண்ணெய் செக்கிலிருந்து வந்து இறங்கும்வரை அவளோடு பேசவில்லை. மாடிக்குச் சாப்பாடு வந்தது, பேச்சு வரவில்லை. இந்திஸாருக்கு அது வலித்தது. நியாயமாக நடந்ததற்குச் சொந்த வீட்டிலேயே தண்டனையா என்று மாடியில் தனியாகப் புலம்பினாள்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகள் கட்டுரையை மெஷினிடம் எழுதி வாங்குகிறார்கள் என்ற கூச்சல் எல்லாப் பள்ளிகளிலும் கிளம்பியது. மெஷின் எழுதினதைக் கண்டுபிடிக்க இன்னொரு மெஷினை விற்க ஆட்கள் வந்தார்கள். கட்டுரையைப் போட்டால் பச்சையோ சிவப்போ காட்டும். பச்சை என்றால் மனிதர் எழுதியது, சிவப்பு என்றால் மெஷின் எழுதியது. மற்ற ஆசிரியர்கள் தயங்கினார்கள். இந்திஸார்தான் முன்னால் நின்று வாங்க வைத்தாள். அவள் காரணமே வேறு. மெஷினுக்கு வரவேற்பறை கிடையாது. அதன் எதிரில் யாரும் காபியை வைத்துக்கொண்டு உட்கார முடியாது.

சட்டத்தையும் அவளே எழுதினாள். சிவப்பு வந்தால் பூஜ்யம். உதவித்தொகையில் படிக்கும் பிள்ளையாக இருந்தால் உதவித்தொகையும் ரத்து. இதை ஆசிரியரோ முதல்வரோ நிர்வாகக் குழுவோ மாற்ற முடியாது. 'தேர்வுப் பொறுப்பாளர் உட்பட' என்று கடைசியில் தானே சேர்த்தாள். தன்னையும் சேர்த்துக் கட்டிப்போட்டுக்கொண்டதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் வருஷம் அபு ஸுஹைலின் இளைய மகன் தலால் கட்டுரை கொடுத்தான். இதற்குள் அப்பா நிர்வாகக் குழுவில் உறுப்பினராகியிருந்தார். கட்டுரையின் தலைப்பையே தலாலுக்கு வாய்விட்டுப் படிக்கத் தெரியவில்லை. எழுதினது அப்தூனில் பணக்காரப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் ஒரு கெட்டிக்காரன் என்பது வகுப்புக்கே தெரியும். மெஷின் பச்சை காட்டியது. மெஷின் பொய் சொல்லவில்லை, மனிதன்தான் எழுதியிருந்தான். எந்த மனிதன் என்று அதைக் கேட்க முடியாதே.

அதே பட்டியலில் சிவப்பாக இருந்த பெயர் ஸுந்துஸ்.

ஸுந்துஸ் ஸர்காவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். அப்பா டைல்ஸ் ஒட்டுகிறவர். உதவித்தொகை இல்லாவிட்டால் அந்தப் பள்ளியின் வாசல் காவலாளியைக்கூட அவளால் தாண்டியிருக்க முடியாது. வந்த புதிதில் அவள் இங்கிலீஷ் தள்ளாடியது. பள்ளி விட்டபின் இந்திஸார் அவளை உட்கார வைத்துத் தனியாகச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு பத்திக்கு நாலு வாக்கியம், முதலில் கருத்து, அடுத்து காரணம், அப்புறம் மறுப்பவர் சொல்வது, கடைசியில் பதில். அந்தப் பெண் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேலே வந்தாள்.

இந்திஸார் அவளை அறைக்கு அழைத்தாள். சிவப்பைப் பார்த்துவிட்ட கண்ணோடுதான் அவளையும் பார்த்தாள்.

"இதை யார் எழுதிக் குடுத்தது, ஸுந்துஸ்? உண்மையைச் சொல்லு."

"யாரும் எழுதிக் குடுக்கல மிஸ்."

"அப்ப இந்த மாதிரி எழுத எங்க கத்துக்கிட்ட?"

"உங்ககிட்டதான் மிஸ்" என்றது பெண். துடுக்காகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குத் தெரிந்த பதிலைச் சொன்னது.

இந்திஸார் அவளை அனுப்பிவிட்டாள். பெண் போனபிறகு, மெஷின் வருவதற்கு முன்பே தான் இங்கிலீஷில் எழுதிய பள்ளி அறிக்கை ஒன்றை எடுத்து மெஷினில் போட்டாள். அதற்கும் சிவப்பு. அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்த சுத்தமான இங்கிலீஷ், ஒரு பிசிறு இல்லாத, பயந்து பயந்து எழுதுகிற இங்கிலீஷ். பிறக்கும்போதே அந்த மொழியோடு பிறந்தவன் கண்டபடி எழுதுவான், அவனுக்குப் பச்சை. தப்பு வந்துவிடுமோ என்று ஒவ்வொரு சொல்லாக அடுக்குகிறவளுக்குச் சிவப்பு. அது புரிந்ததும் இந்திஸாருக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது.

மெஷின் விற்ற கம்பெனிக்கு எழுதினாள். 'உங்கள் அக்கறைக்கு மிக்க நன்றி' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை எழுதியதும் ஒரு மெஷின்தான் என்று சத்தியம் செய்யலாம்.

முதல்வர் ரென்ஷா நல்ல மனிதர். யார் வந்தாலும் டீ கொடுப்பார், அதற்குமேல் எதுவும் கொடுக்கமாட்டார்.

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு மிஸ் இந்திஸார். ஆனா பாருங்க, நான் மாத்தக் கூடாதுன்னு எழுதினதே நீங்கதானே? ரொம்ப நல்ல சட்டம்னு நான் எல்லா இடத்துலயும் சொல்லிட்டிருக்கேன்."

"அந்தப் பொண்ணை உக்கார வச்சு என் கண் முன்னாடி எழுதச் சொல்றேன். அப்ப நம்புவீங்களா?"

"அதுக்குச் சட்டத்துல இடமில்லையே" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

மாதக் கடைசிக்குள் ஸுந்துஸ் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்று கடிதம் தயாராயிற்று. அதில் கையெழுத்துப் போடவேண்டியது இந்திஸார். அன்று சாயங்காலம் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்து ஃபவ்ஸியின் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அபு ஸுஹைல் வீட்டுக்குப் போகணும்."

ஃபவ்ஸி டிவியை நிறுத்தினான். "எதுக்கு?"

"ஒரு பொண்ணுக்காகக் கேக்கணும்."

"என்ன கேக்கணும்? வாயைத் திறந்து சொல்லேன். அந்தச் சொல் உன் வாயிலிருந்து வர்றதை நான் ஒரு தடவை கேக்கணும்."

"சிபாரிசு" என்றாள் இந்திஸார்.

ஃபவ்ஸி சிரிப்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் எழுந்துபோய் இஸ்திரி போட்ட சட்டையைத் தேடினான். அத்தை மகன்கள் இரண்டு பேருக்குப் போன் போட்டான். தங்கையைத் துணைக்கு ஆள் இல்லாமல் அந்த வீட்டுக்கு அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை.

அபு ஸுஹைலின் வரவேற்பறையில் காபி வந்தது. இந்திஸார் கிண்ணத்தை வாங்கி எதிரில் வைத்தாள். அன்று அவர் வைத்தது போலவே, குடிக்காமல் வைத்தாள். அபு ஸுஹைல் அதைப் பார்த்து ரசித்தார். அவசரப்படவில்லை.

"என்ன தங்கச்சி, உங்க மெஷின்கிட்டயே கேட்டிருக்கலாமே? அது காபி குடிக்காதோ?"

உட்கார்ந்திருந்த அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். ஃபவ்ஸி தரையைப் பார்த்தான்.

"பொண்ணு தப்பு பண்ணல, அபு ஸுஹைல். அவளே எழுதினது. நான் சாட்சி."

"தப்பு பண்ணுச்சா பண்ணலையான்னு நான் கேட்டேனா?" என்றார் அவர். "என் வாசல் ஏறி வந்துட்டீங்க. அது போதும் எனக்கு."

அங்கேயே போனை எடுத்தார். ரென்ஷாவிடம் அவர் பேசியது பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, பள்ளிக்குக் கட்டித் தருவதாகச் சொன்ன நீச்சல் குளத்தைப் பற்றி நாலு வார்த்தை. எந்த மனிதரும் மாற்ற முடியாத சட்டம் மாறிவிட்டது. போனை வைத்துவிட்டு, "இப்ப குடிங்க" என்றார். இந்திஸார் குடித்தாள். வாழ்நாளில் தான் இவ்வளவு சின்னவளாக உட்கார்ந்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் ஸுந்துஸ் கையில் பள்ளியின் புதுக் கடிதத்தைக் கொடுத்தாள். கருணை அடிப்படையில் மாணவியின் குற்றம் இம்முறை மன்னிக்கப்படுகிறது என்று இருந்தது. பெண் அதை இரண்டு முறை படித்தாள்.

"மன்னிச்சுட்டாங்களா? நான் என்ன மிஸ் பண்ணேன்?"

"உதவித்தொகை போகல. மார்க் திரும்பி வந்துடுச்சு. அதைப் பாரு."

"மிஸ் எப்படியும் கண்டுபிடிச்சுச் சொல்லிடுவாங்கன்னு வீட்ல சொல்லி வச்சிருந்தேன். நான்தான் எழுதினேன்னு இதுல ஒரு இடத்துலகூட இல்லையே?"

இந்திஸார் கண்ணாடியைக் கழற்றினாள், ஆனால் கோபப்பட அங்கே யாரும் இல்லை. "வீட்ல கடிதத்தைக் காட்டாதே" என்றாள். அதைச் சொல்லும்போதே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அடுத்த கட்டுரை இரண்டு மாதம் கழித்து வந்தது. ஸுந்துஸின் கட்டுரையை மெஷின் விழுங்கிப் பளிச்சென்று பச்சை காட்டியது. இந்திஸாருக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. ஆசையாக எடுத்துப் படித்தாள். முதல் வரியிலேயே எழுத்துப் பிழை. வாக்கியங்கள் பாதியில் நின்றன. சொன்னதையே திரும்பச் சொல்லியிருந்தது. மறுப்பவர் பேச்சையே காணோம். படிக்கத் தெரியாத ஒருத்தி எழுதியது போல இருந்தது.

"என்ன இது?" என்று தாளை நீட்டினாள். "மூணு வருஷமா நான் சொல்லிக்குடுத்தது எங்க போச்சு? இதுக்கு நான் என்ன மார்க் போட முடியும்?"

"பாஸ் மார்க் போதும் மிஸ்" என்றாள் ஸுந்துஸ். "முதல்ல நல்லாத்தான் எழுதினேன். அப்புறம் உக்காந்து ஒவ்வொரு இடமாக் கெடுத்தேன். நல்லா எழுதுறதைவிட அதுக்குத்தான் ரொம்ப நேரம் ஆச்சு."

"நல்லா எழுதினது எங்க?"

"கிழிச்சுப் போட்டுட்டேன். அதை யார் நம்பப் போறாங்க?"