கழுகு பார்த்த கால்

பேருந்தில் ஏறியதும் செக்கர் யார் முகத்தையும் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார். டிக்கெட் எடுக்காதவன் கால் வாசற்படி பக்கம் திரும்பியிருக்கும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. இறங்கி ஓடினாலும் விடமாட்டார், துரத்திப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவார். டிப்போவில் அவருக்குக் கழுகு என்று பெயர். வீட்டிலும் அதே கதைதான். பால்காரர் கொஞ்சம் சிரித்துப் பேசினால் அன்றைக்குப் பாலை மோந்து பார்ப்பார்.

நாற்பத்திரண்டு வயதில் கழுகின் இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. படியேறினால் உயிர் போனது. இனி மேசை வேலைதான் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். ஓடியே வாழ்ந்த மனுஷன் நொறுங்கிப் போனார்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயைக் காட்டினார். "முழு மூட்டையும் மாத்த வேண்டாம். தொடை எலும்போட தலையை வெட்டாம, தேஞ்ச மேல்பாகத்தை மட்டும் செதுக்கி ஒரு உலோகத் தொப்பி மாட்டுவோம். இடுப்புக் குழியில ஒரு உலோகக் கிண்ணம். உங்களுக்கு வயசு கம்மி, எலும்பும் கெட்டி. பின்னாடி தேவைப்பட்டா முழு மூட்டு வைக்க எலும்பு மிச்சமிருக்கும். ஆனா ரெண்டு உலோகமும் உரசுமே, அந்தத் துகள் ரத்தத்துல கலக்குதான்னு அப்பப்போ பார்க்கணும். சிலருக்கு எலும்பு முறியறதும் உண்டு."

குறையையும் தானே சொல்கிறாரே, இதுவும் நம்பவைக்கிற தந்திரம்தான் என்று கழுகு கண்ணைச் சுருக்கினார்.

"இதைச் செஞ்சுக்கிட்ட தச்சர் ஒருத்தர் வெளியே இருக்கார். பேசச் சம்மதிச்சிருக்கார், கேட்டுப் பாருங்க."

"ஆளை செட் பண்ணி வச்சிருக்காங்க," என்று மனைவியின் காதைக் கடித்தார்.

"உங்களுக்கு உங்க நிழல் மேலயே சந்தேகம்."

அவர் தச்சரிடம் பேசவில்லை. தச்சர் கிளம்பியதும் மனைவியை அங்கேயே உட்காரவைத்துவிட்டு, பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனார். மருத்துவமனை வாசலைத் தாண்டினால் நடிப்பு கலைந்துவிடும் அல்லவா? தெருமுனையிலேயே கண்ணில் பட்டது. தச்சரின் வலது கால் லேசாக இழுத்தது. மாட்டிக்கிட்டான் என்று கழுகுக்கு ஒரே குஷி.

தச்சர் நடைமேம்பாலத்தில் விறுவிறுவென்று ஏறினார். கழுகு பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். வலியில் கண்ணீரே வந்துவிட்டது. ஒருவன் அவர் கையிலிருந்து நழுவிப் போவது இதுதான் முதல் தடவை.

மேலே போன தச்சர் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "ஆஸ்பத்திரியிலேர்ந்தே பின்னாடி வர்றீங்க. என்ன அண்ணே வேணும்?"

"உண்மையைச் சொல்லு தம்பி. வலது கால் இழுக்குது. ஆபரேஷன் சொதப்பிடுச்சுதானே?"

தச்சர் வலது செருப்பைக் கழற்றிக் காட்டினார். வார் அறுந்து தொங்கியது. "செருப்பு அண்ணே. ஆபரேஷன் பண்ணது இடது பக்கம்."

கழுகுக்கு முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் காலைப் பார்த்தே கள்ளனைப் பிடித்த கண், கடைசியில் ஒரு செருப்பிடம் ஏமாந்திருந்தது. சந்தேகம் என்று இத்தனை நாள் தூக்கிக்கொண்டு திரிந்தது வெறும் பயம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

அப்படியும் விடவில்லை. "தழும்பைக் காட்டு," என்றார்.

தச்சர் சிரித்துக்கொண்டே சட்டையைத் தூக்கி, வேட்டியைக் கொஞ்சம் தளர்த்தி, இடது இடுப்போரத்துத் தழும்பைக் காட்டினார். கழுகு டிக்கெட்டைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"கொஞ்சம் இறக்கி விடு தம்பி. டாக்டரம்மா கிளம்புறதுக்குள்ள போகணும்."