தவமணியின் பல்

கடலூரில் மேட்னி பார்த்துவிட்டுச் சிதம்பரம் பஸ்ஸில் ஏறியபோதும் என் ஆத்திரம் அடங்கவில்லை. பள்ளிக்கூட நாளில் நான் உயிராக நேசித்த நாவலைப் படமாக்கி, அதன் நாயகி எத்துப்பல் தவமணியாக வரிசைப்பல் நடிகை ஒருத்தியை நடிக்க வைத்திருந்தார்கள். பாதித் தியேட்டர் விசிலடித்தது. புத்தகம் படித்த நாங்கள் நொந்துபோய் உட்கார்ந்திருந்தோம்.

அதே படம் பார்த்த ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல்லூரிப் பெண் போலிருந்தாள். பேச வாயெடுக்கும் முன்பே அவளுடைய துப்பட்டா நுனி வாயை மறைத்துவிடும்.

"கதையவே கொன்னுட்டானுங்க. அந்தப் பல்லோட தைரியமா மேடையேறுறாளே, அவதானம்மா தவமணி?" என்றேன்.

"எனக்குப் படம்தான்க்கா புடிச்சுது."

"நீ புக்கு படிச்சியா?"

"எங்க கிளாஸே படிச்சுதுக்கா." துப்பட்டாவைக் கீழே விட்டாள். அவளுக்கும் எத்துப்பல். "அன்னையிலேருந்து என் பேரே தவமணிதான். டீச்சர்கூட பாசமா அப்புடித்தான் கூப்புடுவாங்க. இனிமே தவமணின்னா அந்த நடிகை மூஞ்சிதான ஞாபகம் வரும்? என்னய விட்டுருவாங்கல்ல?"

புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் எனக்கு உறைத்தது. தவமணியின் தைரியத்தைக் கொண்டாடிய எங்களில் யாருக்கும் அந்தப் பல்லோடு பள்ளிக்கூடம் போக வேண்டியிருக்கவில்லை.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கி நடந்தாள். டீக்கடை ஓரமாகக் காத்திருந்த தோழி ஒருத்தி, "ஏ தவமணி! படம் எப்புடிடி?" என்று கத்தினாள்.

அவள் உடனே திரும்பிப் பார்த்தாள். துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.