அம்மா போகாத ஆஸ்பத்திரி

மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் என் மகளின் கால் காயத்தைக் கழுவினார்கள். டெட்டால் மணத்தில் எனக்கு ஒன்பது வயது திரும்பியது.

அம்மா துப்புரவுத் தொழிலாளி. சாக்கடையில் கிடந்த தகரம் அவள் பாதத்தைக் கிழித்தது. காப்பித்தூள் அப்பிக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா வேலையில் இருந்தார்.

"இப்பவே போய் ஊசி போட்டுக்கோ," என்றாள் பக்கத்துவீட்டுச் சேச்சி.

அன்று பள்ளி ஆண்டுவிழா. "போனா என் டான்ஸை எப்படிப் பார்ப்பே?" என்று அழுதேன். அம்மா நொண்டியபடி வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். வலி குறைந்ததும் ஊசியை மறந்தாள்.

எட்டாம் நாள் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை. ரணஜன்னி, அதாவது டெட்டனஸ், அவளைக் கொண்டுபோய்விட்டது.

மகளுக்கு இரண்டு தையலும் ஊசியும் போட்டார்கள். வெளியே காத்திருந்த அப்பா சொன்னார்: "உங்கம்மா அன்னைக்கே ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகலேன்னு இன்னும் எனக்குப் புரியலை, மோளே."

இந்த முறையும் நான் அவரிடம் சொல்லவில்லை.