வெளியேறியதாகப் பதிவு இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மாதம். திருவண்ணாமலை வேங்கிக்காலில் ஒரு சிறிய மென்பொருள் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அன்று விடியற்காலை மழையில் கரண்ட் போய் யூனிக்ஸ் சர்வர் சட்டென்று அணைந்து, திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. யார் எப்போது சர்வருக்குள் வந்தார்கள், எப்போது வெளியேறினார்கள் என்று அது எழுதிவைக்கும் கோப்பு மட்டும் கெட்டுவிட்டது. கரண்ட் போன நேரத்துக்குப் பிறகு எல்லாமே கிறுக்கல்.

வாடிக்கையாளர் அந்த விவரத்தை மாலைக்குள் கேட்டிருந்ததால், மதியம் சாப்பிட்டு முடித்ததும் உட்கார்ந்தேன். அதில் ஒவ்வொரு பதிவும் ஒரே நீளம். ஒன்று அரைகுறையாக விழுந்து, பின்னால் வந்தவற்றையெல்லாம் நகர்த்திவிட்டிருந்தது. நகல் எடுத்துக்கொண்டு, அந்த அரைத்துண்டைத் தேடி வெட்டினேன். மீதி வரிகள் ஒழுங்குக்கு வந்தன.

அதில் ஒரு வரி என்னை நிறுத்தியது. எங்களோடு வேலை செய்பவர் ஒருவர், ரமணாசிரமம் பக்கம் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தார். அந்த அறையின் இணைய இணைப்பிலிருந்து அன்று காலை சர்வருக்குள் வந்திருக்கிறார். வெளியேறியதாகப் பதிவு இல்லை. ஆனால் அவர் நிலக்கடலை, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டை, அறுவடைக்கு லீவு போட்டு, முந்தின நாளே கீழ்பென்னாத்தூர் பக்கம் ஊருக்குப் போய்விட்டதாக நினைத்திருந்தோம்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. மேனேஜர் அலட்டிக்கொள்ளவில்லை.

"கொல்லையில மல்லாட்ட புடுங்கிட்டு இருப்பாரு மேடம். ஃபைல் கெட்டுப்போச்சுனு நீங்கதானே சொன்னீங்க? அதுல வர்றத எப்படி நம்பறது?"

நியாயமான கேள்விதான். நான் வெட்டிய இடம் தவறாக இருக்கலாம். என் பெயரைத் தேடினேன். காலையில் நான் சர்வருக்குள் வந்த நேரம் சரியாக இருந்தது. அப்படியென்றால் அவருடைய வரியும் சரிதான்.

அவர் வீட்டு ஓனரம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஊருக்குப் போறேன்னாரு, போயிட்டாருனு இருந்தேன். ஐயோ, செருப்பு வெளியதாங்க கெடக்குது!"

நானும் மேனேஜரும் போனபோது கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உடைத்தோம். மேஜைக்குக் கீழே கிடந்தார். மூச்சு இருந்தது. ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சர்க்கரை மிகவும் கம்மியாகிவிட்டதாம். "இன்னும் லேட்டாயிருந்தா கஷ்டம்ங்க" என்றார் டாக்டர். மேனேஜர் வராந்தாவில் போய் நின்றுகொண்டார்.

பிழைத்து, வேலைக்குத் திரும்பி வந்த அன்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"மொத நாள் கெளம்ப முடியல, காலையில ஒரு சின்ன வேலைய முடிச்சுட்டு பஸ் ஏறலாம்னு உக்காந்தேங்க. ஊர்ல, நான் இங்க இருக்கேன்னு நெனச்சிருக்காங்க. இங்க, நான் ஊர்ல இருக்கேன்னு நெனச்சிருக்கீங்க."

இப்போதெல்லாம் தனியாக இருக்கும் ஒருவரைப் பற்றி, "அங்கதான் இருப்பாரு" என்று யாராவது சாதாரணமாகச் சொன்னால்கூட, ஒரு போன் போட்டு அவர் குரலைக் கேட்ட பிறகுதான் என் மனம் அடுத்த வேலைக்குப் போகிறது.