ஃப்ளோராவின் நூற்றுநான்கு

கனடாவின் கேப் பிரெட்டன் தீவில், தீயணைப்புக் கூடத்து பிங்கோ ஆட்டத்துக்கு எண் கூவுகிறவள் ஃப்ளோரா மெக்கின்னிஸ். பகலில் மீன் தொழிற்சாலையில் நண்டு உடைப்பாள். கூடத்துக்கு மைக் வாங்கும் வசதி இல்லாமல் இல்லை, ஃப்ளோரா இருக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டார்கள். கணவன் லாக்லன் மேற்கே எண்ணெய் வயலுக்குப் போனதே காதுக்கு ஓய்வு கொடுக்கத்தான் என்பது ஊர்ப் பேச்சு.

மகள் ஐலாவுக்குப் பிறவியிலேயே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். நுரையீரலில் சளி கோந்து மாதிரி ஒட்டிக்கொள்ளும். காலையும் மாலையும் நெஞ்சைக் குலுக்கும் சட்டையை மாட்டி அதை இளக்க வேண்டும். நகரத்து ஆஸ்பத்திரிக்கு அவ்வப்போது போய்க் குழாயில் ஊதிக் காட்டவேண்டும். அந்த வயதுக் குழந்தை ஊதவேண்டியதில் எத்தனை சதவீதம் என்று கருவி சொல்லும். எண் என்றால் நம் ஃப்ளோராவுக்குச் சொல்லவா வேண்டும்! வீட்டிலேயே பயிற்சி நடந்தது. "ஊது, ஊது, ஊது!" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் இடம் மாறியது.

ஐலா நூற்றுநான்கு வாங்கினாள்.

இந்த நோய்க் குழந்தைகள் ஒருவரையொருவர் நெருங்கக் கூடாது, கிருமி தொற்றிவிடும். அம்மாக்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஃப்ளோரா மற்ற அம்மாக்களுக்கெல்லாம் போன் போட்டு நூற்றுநான்கைப் பரப்பினாள். பிறகு, இவ்வளவு நல்ல நுரையீரலைக் காலையிலும் குலுக்குவானேன் என்று அவளுக்கே ஒரு ஞானம் பிறந்தது. சட்டை மாலைக்கு மட்டும் என்றானது.

ஐலாவுக்கு இருமல் வந்தது, வந்தது போகவில்லை. டாக்டர் மொராக் கில்லிஸ் நெஞ்சை சி.டி. ஸ்கேன் எடுக்கலாம் என்றார். நூற்றுக்கு நூற்றுநான்கு வாங்கிய பிள்ளையை எதற்குக் கதிர்வீச்சில் வாட்டுவது என்று ஃப்ளோரா சண்டைக்கு நின்றாள். கதிர் அளவு மிகக் குறைவு, ஊதும் எண் காட்டாததையும் படம் காட்டும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். முனகிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

இயந்திரத்துக்குள் படுத்த ஐலாவிடம், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள் என்றது ஒலிபெருக்கி. கருவி என்றால் ஊதத்தான் வேண்டும் என்று பழகிய பிள்ளையாயிற்றே, முகம் சிவக்க ஊதித் தள்ளினாள். படம் பாழ் என்று நினைத்த ஃப்ளோராவுக்கு மானம் போயிற்று.

டாக்டர் அந்தப் படத்தைத்தான் வெகுநேரம் பார்த்தார். ஊதி முடித்த நுரையீரல் சாம்பல் நிறமாகச் சுருங்கவேண்டும். ஐலாவின் வலது மேல்பகுதியில் மட்டும் கறுப்புத் திட்டுகள் அப்படியே இருந்தன.

"இது என்ன?"

"வெளியே வரமுடியாம மாட்டிக்கிட்ட காத்து, ஃப்ளோரா. சளி பாதைய அடைச்சிருக்கு. மத்த இடமெல்லாம் சேந்து நல்லா ஊதுனதால உங்க நம்பர்ல இது தெரியல."

ஒன்றிரண்டு மூச்சுக்குழாய்கள் விரிந்தும் விட்டன, அவை பழைய நிலைக்குத் திரும்பாமல் போகலாம் என்றார். அடைப்பை எடுக்க இன்னும் வழி இருந்தது, ஆஸ்பத்திரியில் தங்கி ஊசி மருந்தும், இரண்டு வேளையும் சட்டையும்.

காலைச் சட்டையை நிறுத்தியது யார் என்று டாக்டர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது ஃப்ளோராவுக்கு.

ஐலா காலணியை மாட்டிக்கொண்டே வந்தாள். "அம்மா, விடாம ஊதுனேன்! எத்தன வந்துச்சு?"

ஊருக்கே எண் கூவியவளிடம் ஒரு எண்ணும் இல்லை.

"நீ நல்லாத்தான் ஊதுன, தங்கம்," என்றாள், அவளுக்கே கேட்காத குரலில். "அம்மாதான் தப்புப் பண்ணிட்டேன்."

"சத்தமா சொல்லும்மா, கேக்கல," என்றாள் ஐலா.